புற்றுநோய் உடலுக்குள் எப்படி உருவாகிறது, எப்படிப் பரவுகிறது?

ஒருவருக்கு மார்பகத்திலோ குடலிலோ கட்டி வருகிறது. அறுவை சிகிச்சை செய்து முழுவதுமாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார். சில வருடங்கள் கழித்து அதே நோய் எலும்பிலோ கல்லீரலிலோ தலைகாட்டுகிறது. எடுத்துப்போட்ட கட்டி எப்படித் திரும்பி வந்தது, முதலில் அது எங்கிருந்துதான் வந்தது என்பதே கேள்வி. இதைக் கேட்பவர்களில் பலர், வீட்டில் யாருக்கோ நோய் வந்து கவலையோடு கேட்பவர்கள். அதனால் ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. விரிவாகவே சொல்கிறேன்.

புற்றுநோய்ச் செல்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல, நம்முடையவை. உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் மாறி, மாறியவற்றில் வேகமாகப் பெருகக்கூடியவை மட்டும் முன்னுக்கு வந்து, கடைசியில் உடலின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காத ஒரு கூட்டமாக ஆகிவிட்டவை. காட்டிலும் கடலிலும் கோடி வருடங்களாக நடக்கும் பரிணாமம் இங்கே ஒரே உடலுக்குள் சில பத்தாண்டுகளில் நடக்கிறது. பீட்டர் நோவெல் 1976-இல் இதைத் தெளிவாக எழுதினார். கட்டி ஸ்கேனில் தெரியும் நாளுக்கு முன்னால் பல வருடங்கள், சில சமயம் இருபது முப்பது வருடங்கள்கூட ஓடியிருக்கும். இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் பிடிபடும்.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 37 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் செத்து, அந்த இடங்களுக்குப் புதியவை வருகின்றன. பெரும்பாலானவை ரத்த செல்கள். குடலின் உட்சுவரும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாகிவிடுகிறது. இவ்வளவு நடந்தும் கல்லீரல் தன் அளவிலேயே நிற்கிறது, தோல் தன் தடிமனிலேயே இருக்கிறது. காரணம், எந்தச் செல்லும் தன்னிஷ்டத்துக்கு இரண்டாகப் பிரிவதில்லை. வளரச் சொல்லி வெளியிலிருந்து ரசாயன சமிக்ஞை வர வேண்டும். செல் தனக்குரிய இடத்தில் ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ. பழுதில்லாமல் இருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் பிரிவு நின்றுவிடும். பழுது மோசமாக இருந்தால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். உடலைக் காப்பாற்ற ஒரு செல் தன் உயிரை விடுவது நமக்குள் இந்த நிமிடத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பிரிவு என்றாலே நகலெடுப்பு. ஒரு செல் இரண்டாகும்போது தாய்வழியும் தந்தைவழியும் சேர்த்து சுமார் 600 கோடி டி.என்.ஏ. எழுத்துகளை அது படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் நொதி முதல் ஓட்டத்தில் லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறு செய்கிறது. அதே நொதி உடனே திரும்பிப் பார்த்துத் திருத்துகிறது. அதன்பின் இன்னொரு புரதக் கூட்டம் வந்து மிச்சத்தையும் சரிபார்க்கிறது. கடைசியில் நிற்பது 100 கோடி எழுத்துக்கு ஒரு தவறு, அல்லது அதைவிடவும் குறைவு. இதைவிடத் துல்லியமாக எழுதும் கை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தவறு பூஜ்யம் ஆவதில்லை. வாழ்நாள் முழுக்க நடக்கும் பிரிவுகளின் எண்ணிக்கையை நினைத்தால், ஒவ்வொருவர் உடலிலும் பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போவது தவிர்க்க முடியாதது.

இந்த இயல்பான தவறுகளோடு வெளியிலிருந்து வரும் சேதமும் சேர்கிறது. சிகரெட் புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற பொருள் உடலுக்குள் மாற்றமடைந்து குவானின் என்ற எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நகலில் அந்த இடத்தில் தைமின் வந்துவிடுகிறது. தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்வுகள் கூடுகின்றன என்று 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வெயிலின் புறஊதாக் கதிர் வேறு மாதிரி வேலை செய்கிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு காரணிக்கும் தனித் தடம் உண்டு என்பதால், ஒரு கட்டியின் டி.என்.ஏ.வைப் படித்தே அதற்குப் பின்னால் புகை இருந்ததா, வெயில் இருந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பரம்பரையும் ஒரு காரணம்தான், ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பெற்றோரிடமிருந்து நேராக வரும் ஒரு பழுதான மரபணுவால் வலுவாகத் தூண்டப்படுகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் பிரபலமானவை. இவற்றின் வேலை, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்துபோகும்போது அதைச் சரியாக இணைப்பது. அது நடக்காத செல்லில் பிறழ்வுகள் வேகமாகக் குவியும்.

சரி, எழுத்து மாறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டி.என்.ஏ.வில் புரதங்களுக்கான குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான். ஆனால் சில இடங்களில் ஒரே ஒரு எழுத்து போதும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ராஸ் புரதம். செல்லின் வெளிச்சுவருக்கு உட்புறம் ஒட்டியிருக்கும், 189 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம் இது. வெளியிலிருந்து வளர்ச்சிச் சமிக்ஞை வந்தால் ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விழிக்கும். ‘பிரியலாம்’ என்ற செய்தியை உள்ளே அனுப்பும். பிறகு அந்த ஜி.டி.பி.யைத் தானே உடைத்துவிட்டு அடங்கும். 1982-இல் மனித சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களில் இந்த மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, நல்ல செல்லில் இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே எழுத்துதான் என்று தெரிந்தது. ஜி.ஜி.சி. என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி.டி.சி. அதனால் புரதத்தின் 12-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துவிட்டது. கிளைசின் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது, வேலின் கொஞ்சம் பருத்தது. அந்தப் பருமன் குறுக்கே நிற்பதால் ராஸால் ஜி.டி.பி.யை உடைக்க முடியவில்லை. வெளியே யாரும் எதுவும் சொல்லாதபோதும் ‘பிரி, பிரி’ என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. கணையப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் இந்தக் குடும்பத்தின் கே-ராஸ் மரபணு மாறியிருக்கிறது. அதை நேரடியாகத் தாக்கும் முதல் மருந்து, அதுவும் ஒரு குறிப்பிட்ட வகை மாற்றத்துக்கு மட்டும், அனுமதி பெற்றது 2021-இல். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்து ஏறத்தாழ நாற்பது வருடம் ஆகிவிட்டிருந்தது.

புற்றுநோய்க்கான காரணம் நம் சொந்த மரபணுக்களில் இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்ளவே வெகுகாலம் பிடித்தது. பெய்ட்டன் ரௌஸ் 1911-இல் கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது 1966-இல். அந்த வைரஸில் ‘சார்க்’ என்ற ஒரு மரபணுதான் கட்டிக்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மைக்கேல் பிஷப்பும் ஹெரால்டு வார்மஸும் தங்கள் குழுவோடு 1976-இல் காட்டியது எல்லோரையும் திகைக்க வைத்தது: அந்த மரபணு வைரஸுக்குச் சொந்தமே இல்லை, ஆரோக்கியமான கோழியின் செல்லிலிருந்து எப்போதோ வைரஸ் எடுத்துக்கொண்டு போனது. நம் எல்லோரிடமும் அதன் நல்ல வடிவம் இருக்கிறது, உருப்படியான வேலை செய்கிறது. கெட்டுப்போனால்தான் ஆபத்து.

ராஸ், சார்க் போன்றவை வளர்ச்சியைத் தூண்டுபவை. எதிர்ப்பக்கத்தில் வளர்ச்சியை அடக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. ஆல்ஃபிரட் நட்ஸன் 1971-இல் இவற்றின் இருப்பை, எந்த மரபணுவையும் கண்ணால் பார்க்காமல், 48 குழந்தைகளின் நோய்க் குறிப்புகளையும் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஊகித்தார். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோய் சிலருக்கு இரண்டு கண்களிலும் மிகச் சிறிய வயதிலேயே வருகிறது, சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் சற்றுத் தாமதமாக வருகிறது. அவர் சொன்ன விளக்கம்: ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, இரண்டுமே கெட்டால்தான் கட்டி. முதல் வகைக் குழந்தைகள் ஒரு கெட்ட பிரதியோடு பிறக்கிறார்கள், இன்னும் ஒன்று கெட்டால் போதும். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டும் தற்செயலாகக் கெட வேண்டும். பதினைந்து வருடம் கழித்து ஆர்பி என்ற அந்த மரபணு கையில் கிடைத்தபோது அவர் கணக்கு சரியாக இருந்தது.

அடக்கும் மரபணுக்களில் தலையானது பி53. டி.என்.ஏ. சேதமானால் செல்லை நிறுத்தி வைப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் சாகச் சொல்வதும் இதன் பொறுப்பு. மனிதப் புற்றுநோய்களில் பாதியளவில் இது கெட்டிருக்கிறது. யானை உடலில் நம்மைவிடப் பல மடங்கு செல்கள் இருந்தும் அதற்குப் புற்றுநோய் அபூர்வம். அதன் டி.என்.ஏ.வில் இந்த மரபணுவுக்கு 20 பிரதிகள் இருப்பது 2015-இல் தெரியவந்தது. யானை தப்பிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ் செய்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் ஒரு புரதம் பி53-ஐ அழிக்கிறது, இன்னொரு புரதம் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. இரண்டு பெரிய காவல்களும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. இந்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வைரஸ் இருக்கிறது. 2006 முதல் அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. வருமுன்னே தடுக்கக்கூடிய புற்றுநோய் ஒன்று கையில் இருக்கும்போது, தடுப்பூசி போடாமல் விட்டு ஒரு பெண்ணை இழப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

ஒரு பிறழ்வு மட்டும் புற்றுநோய் ஆகாது. பீட்டர் ஆர்மிட்டேஜும் ரிச்சர்ட் டாலும் 1954-இல் வயதையும் புற்றுநோய் மரணங்களையும் வைத்துப் பார்த்தார்கள். வயதோடு ஆபத்து சீராக ஏறவில்லை, பல மடங்காகத் தாவியது. ஆறேழு நிகழ்வுகள் ஒரே செல் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தால் அந்த வளைவு கிடைக்கும் என்றார்கள். பெருங்குடலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் உட்சுவரில் ஒரு செல்லில் ஏ.பி.சி. என்ற அடக்கும் மரபணு போகிறது. அங்கே பாலிப் என்ற சிறு சதை முளைக்கிறது. அதில் ஒரு செல்லுக்கு ராஸ் மாறுகிறது, பாலிப் பெரிதாகிறது. அப்புறம் வேறு சில மரபணுக்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பி53. ஒவ்வொரு படியிலும் புதிய மாற்றம் பெற்ற ஒரு செல்லின் சந்ததி மற்றவற்றை ஓரங்கட்டி மேலே வருகிறது. ஃபியரானும் வோகல்ஸ்டீனும் 1990-இல் வரைந்த இந்தப் பாதை முழுவதும் கடக்கப் பொதுவாகப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் பாலிப்பைப் பார்த்த உடனே எடுத்துவிட்டால், அந்தப் பாதை அங்கேயே முடிகிறது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதைவிட இது ஒரு படி மேல்; நோயே வராமல் போகிறது.

2010களில் வந்த ஒரு கண்டுபிடிப்பு இந்தக் கதையை இன்னும் சுவாரஸ்யமாக்கியது. கண்ணிமையிலிருந்து அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட, பார்வைக்கு முற்றிலும் ஆரோக்கியமான தோலை 2015-இல் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்குச் செல்களில் புற்றுநோயோடு தொடர்புடைய பிறழ்வுகள் ஏற்கெனவே இருந்தன. 2018-இல் உணவுக்குழாயைப் பார்த்தபோது இன்னும் அதிகம். நடுத்தர வயதுக்கு மேல் உட்சுவரின் பாதிக்கு மேற்பட்ட இடம் பிறழ்வு கொண்ட செல் கூட்டங்களின் வசம் இருந்தது. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை, பெரும்பாலோருக்கு வரப்போவதும் இல்லை. பிறழ்வு கொண்ட செல்லோடு உடல் பல வருடம் நிம்மதியாக வாழ்கிறது என்றால், அதை அடக்கி வைப்பது எது?

முதலாவது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு. சாதாரணச் செல் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்த பிறகு நின்றுவிடும் என்று லெனார்ட் ஹேஃப்லிக் 1961-இல் காட்டினார். குரோமோசோமின் இரு முனைகளிலும் இருக்கும் டெலோமியர் என்ற பகுதி ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் குறைகிறது. ரொம்பக் குறைந்தால் செல் ஓய்ந்துவிடும். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம், கருப்பருவத்தில் வேலை செய்து பின்னர் பெரும்பாலான செல்களில் அடங்கிப்போன டெலோமரேஸ் நொதியை மறுபடி எழுப்பி முனைகளை நீட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, சாப்பாடு. ரத்த நாளத்திலிருந்து ஆக்ஸிஜன் ஊடுருவிப் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். அதனால் புதிய நாளம் இல்லாமல் ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் வாதிட்டார். காயம் ஆறும்போது உடல் பயன்படுத்தும் அதே சமிக்ஞையைக் கட்டி சுரந்து, பக்கத்து நாளங்களைத் தன்னை நோக்கி முளைக்க வைக்கிறது. சர்க்கரையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார், பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் அளவைக் காக்கும். பட்டினி கிடந்து கட்டியைப் பட்டினி போட முடியாது. சிகிச்சையில் இருப்பவர் உடல் எடை இழப்பதுதான் மிச்சம்.

மூன்றாவது, அக்கம்பக்கம். பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்ஸியும் 1975-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எலியின் கொடிய கட்டி ஒன்றிலிருந்து எடுத்த செல்களை, சில நாளே ஆன எலிக் கருவுக்குள் செலுத்தினார்கள். கட்டி வர வேண்டும். வரவில்லை. ஆரோக்கியமான எலிகள் பிறந்தன, அவற்றின் பல உறுப்புகளில் அந்தக் கட்டியின் சந்ததிச் செல்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. எல்லாப் புற்றுநோய்ச் செல்லும் இப்படித் திருந்தாது. அது ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டி. ஆனால் பிறழ்வுகள் மட்டுமே விதியைத் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருக்கும் திசுவுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை இதைவிட அழகாகக் காட்டிய சோதனை இல்லை. இதனோடு நோய் எதிர்ப்புச் செல்களும் காவலிருக்கின்றன. விநோதப் புரதம் காட்டும் செல்லை டி-செல்கள் கொல்லும். தப்பிக்கும் கட்டிகள் பல, டி-செல்லை அடங்கச் சொல்லும் உடலின் சொந்தச் சமிக்ஞையையே காட்டித் தப்புகின்றன. அதைத் தடுக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது.

இவ்வளவையும் தாண்டி ஒரு சென்டிமீட்டர் கட்டி உருவானால் அதில் கிட்டத்தட்ட 100 கோடி செல்கள் இருக்கும். ஒரு செல்லிலிருந்து அந்த எண்ணிக்கை வர முப்பது முறை இரட்டிப்பானால் போதும். இன்னும் பத்து முறை இரட்டித்தால் கட்டி ஒரு கிலோ. கட்டியின் வாழ்க்கையில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடுகிறது என்பது இதனால்தான்.

இனிப் பரவல். புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டியால் இறப்பதில்லை, பரவிய கட்டிகளால் இறக்கிறார்கள்.

மார்பகக் குழாயிலோ குடலிலோ உட்சுவர்ச் செல்கள் ஒரு மெல்லிய புரதத் தளத்தின்மேல் நிற்கின்றன. அவை ஒன்றையொன்று ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கட்டி அந்தத் தளத்துக்கு மேலேயே இருக்கும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கும் புற்றுநோய். வெட்டி எடுத்தால் ஏறக்குறைய எப்போதும் குணமாகிவிடும். ரத்த நாளங்கள் தளத்துக்குக் கீழே இருக்கின்றன. பரவும் செல் முதலில் ஈ-கேட்ஹெரினைக் குறைத்து அண்டை அயலிடமிருந்து பிடியை விடுகிறது. உருண்டு நீண்டு நகரக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. தளத்தின் புரதங்களை நொதிகளால் அரிக்கிறது. இதில் ஒன்றுகூட அது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. கருவில் உறுப்புகள் உருவாகும்போது செல்கள் இடம்பெயர்வதும், காயத்தை மூடத் தோல் செல்கள் ஊர்வதும் இதே வழியில்தான். நமக்கு உயிர் கொடுத்த திட்டங்களைத் தகாத நேரத்தில் திறந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ரத்தத்திலோ நிணநீரிலோ இறங்குகிறது. நிணநீர் வழி போனால் முதலில் தங்குவது அருகிலுள்ள நெறிக்கட்டிகளில். மார்பகப் புற்றுநோயில் அக்குளை முதலில் பார்ப்பது அதனால்தான். ரத்தத்தில் இறங்கிய செல்லின் நிலைமை பரிதாபம். ஓட்டத்தின் வேகம் கிழிக்கிறது, எதிர்ப்புச் செல்கள் துரத்துகின்றன, ஒட்டி நிற்க இடமில்லாததால் உள்ளிருந்தே சாவுச் செய்தி வருகிறது. ஐசையா ஃபிட்லர் 1970-இல் கதிரியக்க அடையாளமிட்ட மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாளுக்குள் உயிரோடு இருந்தவை 1 சதவீதத்துக்கும் குறைவு. கட்டியாக வளர்ந்தவை 0.1 சதவீத அளவுதான். ஆனால் விலங்குச் சோதனைகளின்படி ஒரு கிராம் கட்டி ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான செல்களை ரத்தத்தில் விடக்கூடும். அந்தக் கணக்கில் 0.1 சதவீதமும் சிறிதல்ல. தனியாகப் போகும் செல்லைவிடக் கொத்தாகப் போகும் செல்களும், பிளேட்லெட்டுகளைப் போர்த்திக்கொண்டு போகும் செல்களும் அதிகம் தப்பிக்கின்றன.

எங்கே போய் இறங்கும்? லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அலசினார். பரவல் தற்செயல் என்றால் ரத்தம் தாராளமாகப் பாயும் எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கல்லீரலில் அடிக்கடி இருந்தது, மண்ணீரலில் மிக அபூர்வம். விதை எங்கும் பறக்கும், ஆனால் ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். பின்னால் வந்த ஜேம்ஸ் யூயிங், ரத்த ஓட்டத்தின் பாதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று மறுத்தார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, இருந்தாலும் பேஜெட் பக்கமே கனம் அதிகம் என்பது என் கருத்து. குடலின் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது, குடல் புற்றுநோய் முதலில் அங்கே போவது ஓட்டத்தால். ஆனால் மார்பகச் செல் எலும்பில் செழிப்பதை ஓட்டத்தால் மட்டும் விளக்க முடியாது.

எலும்பில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எலும்பு கல் போலத் தெரிந்தாலும் ஒரு பக்கம் அரிக்கும் செல்களும் மறுபக்கம் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்யும் இடம். எலும்பின் கனிமப் பகுதிக்குள் வளர்ச்சிக் காரணிகள் புதைந்து கிடக்கின்றன. அங்கே வந்து சேர்ந்த மார்பகப் புற்றுநோய்ச் செல் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் அரிக்கும் செல்கள் பெருகி எலும்பைக் கரைக்கின்றன. கரையும்போது டிஜிஎஃப்-பீட்டா போன்ற காரணிகள் வெளியே வந்து புற்றுநோய்ச் செல்லை இன்னும் தூண்டுகின்றன. அது இன்னும் சுரக்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே போக, எலும்பு மெலிந்து வலிக்கிறது, முறிகிறது. அரிக்கும் செல்களை அடக்கும் மருந்துகளைப் பரவிய மார்பகப் புற்றுநோயில் கொடுப்பது இந்த வட்டத்தை அறுக்கத்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்: எடுத்த பிறகு ஏன் வருகிறது? கட்டி எடுக்கப்படும் நாளுக்கு முன்பே சில செல்கள் கிளம்பிப் போயிருக்கக்கூடும். போன இடத்தில் உடனே வளராமல், பிரியாமல், சாகாமல், தனியாகவோ சிறு கூட்டமாகவோ உறங்கிக் கிடக்கலாம். ஸ்கேனுக்கு அவை தெரியாது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்தும் திரும்புவது இதனால்தான். 2003-இல் பதிவான ஒரு சம்பவம் இதை உறைக்கும்படி காட்டியது. சிறுநீரக தானம் செய்தவருக்கு 16 வருடம் முன்பு மெலனோமா எடுக்கப்பட்டிருந்தது, அவர் குணமாகிவிட்டதாகவே கருதப்பட்டார். சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் மெலனோமா வந்தது. தானம் செய்தவரின் எதிர்ப்பாற்றல் 16 வருடம் அடக்கி வைத்திருந்த செல்கள், எதிர்ப்பாற்றலை மருந்தால் குறைத்து வைத்திருந்த உடலுக்குள் போனதும் விழித்துக்கொண்டன. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும் கீமோதெரபியோ, ஐந்து பத்து வருடம் ஹார்மோன் மாத்திரையோ ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எடுத்த கட்டிக்காக அந்த மருந்து இல்லை. கிளம்பிப் போயிருக்கக்கூடிய, யாரும் பார்க்காத செல்களுக்காக. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி போட்டு சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. ஊசி போன பாதையில் செல் ஒட்டி வளர்வது நடக்காததல்ல, ஆனால் மிக அபூர்வம். எந்தக் கட்டியில் அந்த ஆபத்து அதிகமோ அங்கே எப்படி எடுப்பது என்று அறுவை மருத்துவர்கள் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். ஊசிக்குப் பிறகு பரவியதாகத் தெரிவதில் பெரும்பாலானவை, ஊசிக்கு முன்பே பரவி அப்போது கண்டுபிடிக்கப்பட்டவை. இந்தப் பயத்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கட்டிக்குத்தான் லாபம்.

மருந்துக்குக் கரைந்த கட்டி மீண்டும் வளர்வதும் அதே பரிணாமத்தின் வேலை. நூறு கோடி செல்கள் உள்ள கட்டியில் எல்லாமே ஒன்றுபோல இருப்பதில்லை. மருந்து வருவதற்கு முன்பே அதற்கு அசையாத பிறழ்வு கொண்ட சில செல்கள் எங்கோ இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இவை காலியான இடத்தை நிரப்புகின்றன. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒரு புதிய இணைப்பு மரபணு பிறக்கிறது. தொடக்க நிலையில் அந்த நோய் ஏறக்குறைய முழுக்க அந்த ஒன்றையே நம்பி நிற்பதால், 2001-இல் வந்த இமாட்டினிப் என்ற ஒரே மாத்திரை பலருக்கு ஏறத்தாழ இயல்பான ஆயுளைக் கொடுத்தது. பல பிறழ்வுகள் சேர்ந்த, பரவிவிட்ட திடக் கட்டிகளில் ஒரு மருந்து அப்படி வேலை செய்வது அபூர்வம். அதனால் வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் செல் கோடியில் ஒன்று இருக்கலாம், ஆனால் ஒரே செல் மூன்றுக்கும் சேர்த்துத் தப்பும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. 1960களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தபோதுதான் இந்தக் கணக்கு நிஜமாகப் பலித்தது. அதுவரை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் கொண்டுபோன அந்த நோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.